மிதிச்சே இரு

மூன்று மாதத் தவணை கட்டவில்லை.
நான்காவது மாதம்
முன்பக்க இடது சக்கரம் முனக ஆரம்பித்தது.
அறுபதில் முனகல், எண்பதில் ஊளை.
ஒரு வியாழக்கிழமை
புக்கிட் ரோத்தான் சந்திப்பில்
தீய்ந்த வாடையோடு நின்றுவிட்டது.
பேரிங் இறுகிப் போச்சு.

எண்ணெய் ஆலை கொடுத்த கடைசிச் சம்பளத்தில்
நூற்றெண்பது வெள்ளி மிச்சம்.
ஆ கியோங் கடையில் பேரிங் ஒன்று, டிஸ்க் ஒரு ஜோடி.
"நீயே போடுவியா?" என்றான்.
பன்னிரண்டு வருடம் ஆலைப் பம்புகளுக்குப் போட்டவன்,
சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை.
ஆலை வீடுகளின் கடைசி வரிசையில்
ஜேக்கின் மேல் நின்றது சாகா,
ஒரு காலைத் தூக்கிய நாய் மாதிரி.
அச்சு நட்டில் நான்கடிக் குழாயைச் செருகித் தொங்கினேன்.
ரோட்டில் சுற்ற மறுத்த அச்சு
இப்போது கரகரவென்று கூடவே வந்தது.
நட்டு மட்டும் அப்படியே.

அப்போதுதான்
கார் இழுக்கிறவனை வேனில் இறக்கிவிட்டுப் போனார்கள்.
கறுப்புச் சட்டை. கையில் கடிதம்.
கழுத்து அட்டையில் தேவசகாயம் என்று இருந்தது.
"அண்ணே, காரை எடுத்துக்கணும்."
"எடுத்துக்க."
வாழையடியில் கிடந்த சக்கரத்தைப் பார்த்தான்.
"இப்படியே இழுத்துட்டுப் போனா?"
"கிள்ளான் வரைக்கும் ரோட்டுல கோடு போட்டுக்கிட்டே போகும்."

யாருக்கோ போன் செய்தான்.
இழுவை லோரி சபாக்கில், இருட்டிய பிறகுதான் வருமாம்.
வெயில் ஏறியது. கடிதத்தை நான்காக மடித்தான்.
"உள்ள உக்காரு. பிரேக்கை மிதி."
"நானா?"
"யாரு ஓட்டிக்கிட்டுப் போறது? மிதி."

மிதித்தான். தொங்கினேன். குழாய் வளைந்தது.
"விடாத. மிதிச்சே இரு."
கண்ணாடிக்கு உள்ளே ஒரு கழுத்து நரம்பு,
வெளியே ஒன்று.
டப்!
கோழிகள் சிதறின.

டிஸ்க் அதைவிடப் பிடிவாதம்.
கடல் காற்றும் செம்பனைக் குலை லோரிகள் கிளப்பிய மண்ணும்
ஒன்பது மழைக்காலமும்
அதை ஹப்போடு வைத்துத் தைத்திருந்தன.
மேலே ஓர் அடி, கீழே ஓர் அடி, பின்னாலிருந்து ஒன்று.
எண்ணுவதை நிறுத்திய பிறகு பிடி விட்டது,
உருண்டு போய்ச் சாக்கடையில் படுத்தது.
அவன் இறங்கி எடுத்துவந்தான்.
சட்டையை எப்போது கழற்றினான் தெரியாது.

ஹப்பை அடித்து வெளியே எடுத்தால்
பேரிங்கின் உள்வளையம் அதன் கழுத்திலேயே,
வீங்கிய விரலில் மெட்டி.
கிரைண்டரால் கீறினேன்.
ஒரு நூல் கூடினால் ஹப்பும் போச்சு.
அவன் டார்ச் பிடித்தான், கை ஆடாமல்.
உளி வைத்து ஒரே போடு. வளையம் வாய் பிளந்தது.

சுகுணவதி இரண்டு கோப்பை கோப்பி கொண்டுவந்தாள்.
"புதுசா இருக்காரு, நல்லா ஒத்தாசை பண்றாரே."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் குனிந்தபடியே குடித்து முடித்தான்.

பழைய வெளிவளையத்தை மேலே வைத்து
நீளமான போல்ட்டால் முறுக்கி முறுக்கி
புதியதை உள்ளே அனுப்பினோம்.
கடைசியில் நட்டை இறுக்கும்போது
சொல்லாமலே போய் உட்கார்ந்து மிதித்தான்.
சக்கரத்தைச் சுழற்றிவிட்டேன்.
விரலை எடுத்த பிறகும் சுற்றியது.

காருக்குள் இருந்ததை ஒரு தாளில் எழுதினான்:
குடை ஒன்று. பள்ளிச் சப்பாத்து ஒரு ஜோடி.
ஆலைக் கையுறை. அரைப் பாக்கெட் சூடம்.
எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போட்டேன்.
சாவி.

"புது டிஸ்க்கு.
கொஞ்ச நாளைக்கு அழுத்தி மிதிக்காத," என்றேன்.
தலையாட்டினான்.

வளைவு தாண்டும்வரை காதைக் கொடுத்து நின்றேன்.
அறுபதைத் தொட்டிருப்பான்.
ஒன்றும் கேட்கவில்லை.
பின்னாலிருந்து சுகுணவதிதான் கேட்டாள்,
"எங்க ஓட்டிக்கிட்டுப் போறாரு?"